இப்போதைக்கு இங்கே இருக்கட்டும்

மனிதர்களை எத்தனையோ விதமாகப் பிரித்துவிட்டார்கள். நெட்டை, குட்டை, சாது, முன்கோபி, பேருந்தில் ஜன்னலோர இடத்தைக் கேட்டு வாங்குபவர், கேட்காமலே உட்கார்ந்துவிடுபவர் என்று பட்டியல் நீளம். ஆனால் தெருவுக்கு நாலு பேராவது இருக்கும் ஓர் இனத்தை மட்டும் யாரும் சேர்க்க மறந்துவிட்டார்கள். பெயரும் வைக்கவில்லை. அந்தப் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். இப்போதைக்காரர் என்பது அந்த இனத்தின் பெயர்.

கண்டுபிடிப்பது சுலபம். கையில் ஒரு பொருள் இருக்கும். அதை வைக்க வேண்டிய இடம் நாலடி தள்ளி இருக்கும். அவருடைய பார்வை அந்த இடம் வரைக்கும் போகும், ஒரு கணம் நிற்கும், திரும்பி வரும். மேஜை, நாற்காலி, மாடிப்படி, ஏற்கெனவே ஏதோ ஒன்றின் மேல் இருக்கிற இன்னொன்று, அசந்து தூங்கும் மைத்துனனின் வயிறு என்று சமமாக எது கிடைத்தாலும் அதன் மேல் பொருள் இறங்கும். கூடவே ஒரு வாக்கியமும் இறங்கும்.

"இப்போதைக்கு இங்க இருக்கட்டும்."

முடிந்தது. இனி அந்தப் பொருளுக்கு அதுதான் நிரந்தர முகவரி.

சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். சோம்பேறி தூக்கவே மாட்டார். இவர் தூக்குவார், வியர்க்க வியர்க்கச் சுமப்பார், மூன்று மாடி ஏற்றுவார். கடைசி நாலடியில்தான் ஞானியாகிவிடுவார். 'அப்புறம்' என்று ஒரு காலம் வரப்போவதாகவும், அதில் ஆளுக்கு ஆறு கை முளைத்து, எல்லாப் பொருளும் தத்தம் இடத்துக்குப் போய்விடும் என்றும் உளமார நம்புகிறவர் அவர். அவ்வளவு நம்பிக்கை உள்ளவரை எப்படித் திட்டுவது?

நான் பழகிய இப்போதைக்காரர் ஒரு குடோனில் இருந்தார். வீட்டுச் சாமான் குடோன். வாளி, கோப்பை, மிதியடி, பல்பு, துணி மாட்டும் ஹேங்கர், திரைச்சீலைக் கம்பி என்று மூவாயிரம் விதமான சரக்கு. கடைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் ஆர்டர் வரும். ஆர்டர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தள்ளுவண்டியோடு வரிசை வரிசையாகப் போய்ச் சரக்கெடுக்க எட்டுப் பேர். அவர்கள் கொண்டு வருவதைப் பெட்டியில் போட்டு ஒட்டி அனுப்ப, பேக்கிங் மேஜையில் நான். லாரியில் வந்து இறங்கும் சரக்கைத் தட்டுகளில் வைக்க வேண்டியவர் இவர். 'வைக்க' என்ற ஒரு சொல்லை நம்பி ஒரு குடோனையே இவரிடம் கொடுத்திருந்தார்கள்.

இருபத்திரண்டு வருடமாக அந்த வேலை. நல்ல வேலை கிடைக்கும் வரைக்கும், இப்போதைக்கு, என்று சேர்ந்தவர்.

ஆள் தங்கம். யார் சுமையையும் ஓடிப்போய் வாங்கிக்கொள்வார். எப்போதும் ஏதாவது ஒரு மெட்டை முனகிக்கொண்டிருப்பார். காலையில் இப்போதைக்கு என்று பென்சிலைக் காதில் செருகிவிட்டு, சாயங்காலம் வரைக்கும் குடோன் முழுக்கப் பென்சில் தேடுவார்.

ஒருமுறை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தின் நட்டநடுவில் ஒரு வாஷிங் மெஷின், மேலே பூப்போட்ட விரிப்பு, அதன் மேல் பூந்தொட்டி. பையன் அதன் மேல் நோட்டை வைத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். நான் பார்ப்பதை அவர் மனைவி பார்த்துவிட்டார்.

"அதுல துணி துவைக்க முடியுமான்னு கேக்காதீங்க தம்பி. தண்ணிக் குழாய்க்கு இன்னும் பதினோரு அடி இருக்கு."

"அடுத்த வாரம் உள்ள தள்ளிடுறேன்னு சொன்னேன்ல," என்றார் இவர், தேநீரை உறிஞ்சியபடி.

"எந்த வருஷத்து அடுத்த வாரம்?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். அதுதான் அவரிடம் எனக்குப் பிடித்தது.

வீட்டில் ஒரு மெஷின். குடோனில் மூவாயிரம் சரக்கு. நிலைமையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். லாரி வந்த நேரத்தில் எங்கே காலியோ அங்கே சரக்கு. தரை துடைக்கும் மாப்பின் குச்சி ஒன்றாம் வரிசையில், அதன் நூல்கொத்து பதினொன்றாம் வரிசையில். வாளி ஒரு மூலை, வாளிக்குள் போடும் கோப்பை எதிர்மூலை. யாருமே வாங்காத பித்தளைக் குடை ஸ்டாண்டு பேக்கிங் மேஜைக்குப் பக்கத்தில், கண்ணுக்கு நேரே, இடுப்பு உயரத்தில், ராஜா மாதிரி. தினமும் நூறு பெட்டி போகிற சோப்பு டப்பா பன்னிரண்டாம் வரிசையில், ஏணி போட்டு ஏற வேண்டிய உச்சித் தட்டில்.

இதில் நொந்து போனவர் பெரியக்கா. சரக்கெடுப்பவர்களிலேயே மூத்தவர். ஐம்பத்து மூன்று வயது. எது எங்கே கிடக்கிறது என்பது அவருக்கு ஓரளவு தெரியும், ஆனால் தெரிந்த இடத்துக்கும் நடந்துதானே போக வேண்டும்? முழங்கால் வீங்கி, மருத்துவர் ஒருநாள் கண்டிப்பாகவே சொல்லிவிட்டார்: நடையைக் குறையுங்கள், இல்லையென்றால் வேலையை விடுங்கள்.

என்னிடம் மட்டும் சொன்னார். "பொண்ணு படிப்பு முடிய இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு தம்பி. அதுவரைக்கும் இந்த முட்டியைத் தாஜா பண்ணித்தான் ஓட்டணும்."

இந்த நேரத்தில்தான் முதலாளி ஓர் அம்மாளைக் கூட்டிவந்தார். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் அளவு நாடா. சரக்கை எங்கே வைத்தால் சீக்கிரம் எடுக்கலாம் என்று சொல்வதற்கென்றே படித்தவராம். மூன்று மாதம் பார்ப்பது, பலித்தால் வைத்துக்கொள்வது என்று ஏற்பாடு. அவர் முதல் நாளே கதவை அளந்தார், தட்டை அளந்தார், பெரியக்காவின் தோள் உயரத்தை அளந்தார், எட்டாத இடம் எது என்று என் கையை நீட்டச் சொல்லி அளந்தார். மதியத்துக்குள் 'அங்குலம் மேடம்' என்று பெயர் விழுந்துவிட்டது.

இரண்டாம் நாள் எல்லோர் மணிக்கட்டிலும் எடுத்துவைக்கும் காலடியை எண்ணும் கருவி ஒன்றைக் கட்டினார். சாயங்காலம் பெரியக்காவின் கருவியைப் பார்த்துவிட்டு, தட்டிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"இருபத்தாறாயிரம் அடி அக்கா. நீங்க தினமும் அடுத்த ஊருக்கு நடந்து போயிட்டுத் திரும்பி வர்றீங்க."

"அதான் கால் வலிக்குதா?" என்றார் பெரியக்கா. "ஆனா ஊரைப் பார்த்த மாதிரியே இல்லையே."

அங்குலம் மேடம் இரண்டு வாரத்தில் குடோனைத் தலைகீழாகப் புரட்டினார். தினமும் போகும் சரக்கெல்லாம் பேக்கிங் மேஜையை ஒட்டிய ஒன்றாம் வரிசைக்கு வந்தது. கனமானது இடுப்பு உயரத்தில், லேசானது மேலே, எப்போதாவது கேட்பது பின்வரிசைகளில். ஒன்றாகவே விற்பவை ஒன்றாகவே குடியிருக்க வேண்டும் என்று வாளியையும் கோப்பையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மாப்பின் குச்சியும் நூல்கொத்தும் இத்தனை வருடத்துக்குப் பிறகு சந்தித்துக்கொண்டதை நாங்கள் கைதட்டிக் கொண்டாடினோம். பித்தளைக் குடை ஸ்டாண்டு பன்னிரண்டாம் வரிசைக்கு நாடு கடத்தப்பட்டது. ஒவ்வொரு தட்டிலும் இன்ன சரக்கு என்று வண்ண அட்டை. புதிதாக வரும் லோடுக்கென்று தட்டுக்குத் தட்டு கொஞ்சம் காலி இடம்.

அந்தக் காலி இடத்தில்தான் வந்தது வினை.

இப்போதைக்காரர் அங்குலம் மேடத்தை எதிர்த்தார் என்றா நினைக்கிறீர்கள்? அவரைப் போல அந்தத் திட்டத்தைப் பாராட்டியவர் குடோனில் யாரும் கிடையாது. வரிசை வரிசையாக நடந்து பார்த்தார். அட்டைகளை வாய்விட்டுப் படித்தார். "பிரமாதம் மேடம், மூளைன்னா இதுதான் மூளை," என்று மனம் உருகிச் சொன்னார். சொல்லிக்கொண்டே கையிலிருந்த மிதியடிக் கட்டு ஒன்றை 'பல்பு மட்டும்' என்ற அட்டைக்கு நேரே வைத்தார்.

"அண்ணே, இது ஏன் இங்க?"

"வர்ற வழியில எடம் சும்மா இருந்துச்சு மேடம்."

"சும்மா இல்ல அண்ணே. நாளைக்கு வர்ற பல்புக்காக விட்டு வெச்சிருக்கேன்."

"நாளைக்குத்தானே? வரட்டும், எடுத்துடுறேன். இப்போதைக்கு..."

"அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க."

"எந்த வார்த்தை?"

அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. மூச்சு விடுவதை யார் கவனிக்கிறார்கள்?

அதன் பிறகு இரண்டு மாதம் குடோனில் நடந்ததைப் போர் என்று சொல்ல முடியாது. ஒரு பக்கத்துக்குத்தான் போர் நடப்பது தெரியும். காலையில் அங்குலம் மேடம் பல்லைக் கடித்துக்கொண்டு காலி செய்வார். மதியத்துக்குள் இப்போதைக்காரர் பாட்டை முனகிக்கொண்டே நிரப்புவார். காலி இடத்தைக் கண்டால் அவர் கை தானாக நீளும். ஒருநாள் மேடம் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் அவருடைய நாற்காலியில் ஆறு டஜன் ஹேங்கர் உட்கார்ந்திருந்தது. பெரியக்காவின் கருவி முதலில் பத்தாயிரத்துக்கு இறங்கி, மெல்ல மெல்லப் பதினெட்டாயிரத்துக்கு ஏறியது. முட்டியும் கூடவே வீங்கியது.

மூன்றாம் மாதக் கடைசியில் முதலாளி வந்து நின்றார். புதிதாகத் திறக்கும் ஒரு மாணவியர் விடுதிக்கு இருநூற்றுப் பதினாலு விதமான சரக்கு போக வேண்டும். மறுநாள் நாலு மணிக்கு லாரி கிளம்பியாக வேண்டும்.

"ஒரே நாள்ல முடிச்சுக் காட்டுங்க. முடிஞ்சா இந்த ஏற்பாடு இப்படியே இருக்கட்டும், நீங்களும் இருங்க. முடியலன்னா பழையபடியே போயிடலாம்," என்றார்.

பழையபடி என்றால் இருபத்தாறாயிரம். பெரியக்கா முட்டியைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் காலை அமர்க்களமாகத் தொடங்கியது. பின்வரிசைச் சரக்கு முழுவதும் ஒரு மணிக்குள் என் மேஜைக்கு வந்துவிட்டது. மிச்சம் எண்பத்து மூன்று சரக்கு, அத்தனையும் ஒன்றாம் வரிசையில், கைக்கெட்டும் தூரத்தில். ஜெயித்தாகிவிட்டது என்று நினைத்தோம்.

அப்போது ஒரு லாரி வந்தது. வேறு யாருக்கோ அடுத்த வாரம் போக வேண்டிய நாற்பது மெத்தை. காற்றை உறிஞ்சி எடுத்து, சுருட்டி, பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டிய புதுவித மெத்தை. ஒவ்வொன்றும் ஆள் உயரத் தூண் மாதிரி. உறையின் மேல் கொட்டை எழுத்தில், கூரான பொருள் படக் கூடாது என்று எழுதியிருந்தது. பன்னிரண்டாம் வரிசைக்குப் போக வேண்டியவை.

பன்னிரண்டாம் வரிசை தூரத்தில் இருந்தது. ஒன்றாம் வரிசையின் வாசல் பக்கத்தில் இருந்தது.

நாங்கள் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது வாசலில் நாற்பது தூணும் நின்றன, கீழே விழாமலிருக்க நாலு நாலாகக் கயிற்றால் கட்டப்பட்டு. ஒன்றாம் வரிசையின் மறுமுனை வழியாகப் போகலாம் என்றால், அங்கே செவ்வாய்க்கிழமை முதல் துணி காயப்போடும் ஸ்டாண்டுகள் கூரை வரைக்கும் இப்போதைக்கு இருந்தன. வரிசைக்குள்ளே அங்குலம் மேடம் முதலாளிக்கு அட்டைகளைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். மெத்தை இறங்கும்போது இருவரும் பேச்சு மும்முரத்தில் இருந்ததால் உள்ளே இருந்தபடியே அடைபட்டிருக்கிறார்கள்.

பெரியக்கா தள்ளுவண்டியோடு வந்து நின்றார். "அண்ணே, இது என்ன கோட்டைச் சுவரு?"

உள்ளேயிருந்து மேடத்தின் குரல் வந்தது. "அண்ணே, அதை எடுங்க. இப்பவே எடுங்க."

'இப்பவே' என்ற சொல்லை அதுவரை அவர் மேல் யாரும் பிரயோகித்ததில்லை. மனிதர் ஆடிப்போய்விட்டார். கயிற்றை அறுக்கலாம் என்று சட்டைப்பையிலிருந்து பேக்கிங் கத்தியை எடுத்தார். கயிறு அறுந்தது. கூடவே உறையும் கிழிந்தது.

முதலில் ஒரு பெருமூச்சுச் சத்தம். யாரோ விட்டார்கள் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். விட்டது மெத்தை. தூண் அசைந்தது, பருத்தது, வயிறு தள்ளியது. பதறிப்போய் அதைக் கட்டிப்பிடித்து அமுக்கினார். மெத்தை விரிந்தது. அவர் கைகளும் விரிந்தன. அது பக்கத்து மெத்தையைத் தள்ள, அது போய்த் தட்டின் இரும்புக் கொக்கியில் உரச, அதுவும் மூச்சு விட்டது. அப்புறம் மூன்றாவது. ஆறாவது. பதினோராவது மெத்தை மூச்சு விட்டபோது வாசல் என்று ஒன்று இருந்ததே தெரியவில்லை. வெள்ளை வெளேரென்று ஒரு மலை. அதன் உச்சியில், எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாமல், இப்போதைக்காரர்.

"என்னய்யா நடக்குது அங்க?" என்றார் முதலாளி உள்ளேயிருந்து.

"பதினோரு மெத்தை முழிச்சுக்கிச்சு முதலாளி," என்றார் மலை மேலிருந்தவர்.

மணி இரண்டரை. மெத்தைகளை இழுத்துப் பார்த்தோம். இடுக்கில் மாட்டி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு அசைய மறுத்தன. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பெரியக்காதான் முதலில் சுதாரித்தவர். ஆர்டர் சீட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்தார். தொண்டையைச் செருமினார்.

"முதலாளி, உங்க வலது கைப் பக்கம், இடுப்பு உயரத்துல நீல அட்டை இருக்கா?"

"இருக்கு."

"சோப்பு டப்பா. ஆறு பெட்டி. எடுத்து மேல போடுங்க."

குடோனைக் கட்டியவர் முதலாளிதான். ஆனால் அதில் ஒரு சோப்பு டப்பாவைக்கூட அவர் கையால் எடுத்ததில்லை. தட்டில் ஏதோ உருளும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெட்டி மெத்தை மலையின் மேல் பறந்து வந்து பொத்தென்று விழுந்தது.

"அதுக்குப் பக்கத்துலயே பச்சை அட்டை. கோப்பை, நாலு."

"இங்கேயே இருக்குதே," என்றார் முதலாளி. குரலில் ஒரு குதூகலம் எட்டிப் பார்த்தது.

பெரியக்கா கூவக் கூவ, மேடம் அட்டையைக் காட்டக் காட்ட, முதலாளி எடுத்து எடுத்து வீசினார். பல்புப் பெட்டியை வீசும்போது எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டோம். மெத்தை அதைத் தாயைப் போல வாங்கிக்கொண்டது. ஒரு பல்புகூட உடையவில்லை. உச்சியில் இருந்தவர் ஒவ்வொன்றையும் பிடித்துப் பெரியக்காவிடம் தர, அவர் வண்டியில் அடுக்க, நான் ஒட்டினேன்.

இங்கேதான் வாசகர்கள் கவனிக்க வேண்டும். அந்த மலையில் சமமான இடம் ஓர் அங்குலம்கூடக் கிடையாது. வாழ்க்கையில் முதன்முறையாக, கைக்கு வந்த பொருளை வைக்க அவருக்கு இடமே இல்லை. பழக்க தோஷத்தில் ஒருமுறை ஹேங்கர் கட்டு ஒன்றை மெல்லப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அது வழுக்கி உருண்டு உள்ளே போய் முதலாளியின் தலையில் இறங்கியது.

"இதை இப்பத்தானே போட்டேன்," என்றார் முதலாளி.

அதன் பிறகு இப்போதைக்காரர் எதையும் வைக்கவில்லை. வந்ததை வந்த கையோடு கொடுத்தார். எண்பத்து மூன்று சரக்கையும். முகத்தில் ஒரு பிரமிப்பு. ஒரு பொருள் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்வதை அவர் அதுவரை பார்த்ததே இல்லை போலும்.

லாரி மூன்று ஐம்பதுக்குக் கிளம்பியது. முதலாளியை மெத்தை மேல் ஏற்றி, இந்தப் பக்கம் சறுக்கவிட்டு இறக்கினோம். தலை கலைந்து, சட்டை கசங்கி, பத்து வயது குறைந்து வந்து சேர்ந்தார். மேடம் தன் கருவியை அவர் கையில் கட்டிவிட்டிருந்தார் போலிருக்கிறது. எல்லோரிடமும் மணிக்கட்டை நீட்டி நீட்டிக் காட்டினார்.

"எண்பத்து மூணு சரக்கு. இருநூத்துப் பன்னெண்டே அடி. இன்னும் ஏதாவது ஆர்டர் இருக்கா?"

அங்குலம் மேடத்துக்கு அன்றே வேலை நிரந்தரமானது. பெரியக்காவின் கருவி ஒன்பதாயிரத்தில் வந்து நின்றது. முட்டி இப்போது படியேறும்போது மட்டும்தான் முணுமுணுக்கிறதாம். "அதுக்கும் கொஞ்சம் பேச வாய்ப்புக் குடுக்கணும்ல," என்கிறார்.

இப்போதைக்காரரை என்ன செய்வது? அனுப்பிவிடலாமா என்று முதலாளி கேட்டார். மேடம் வேண்டாம் என்றார். லாரி இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில் தரையில் ஆறடிக்கு ஆறடி மஞ்சள் பெயிண்டால் ஒரு கட்டம் வரைந்தார். அதற்குள் 'இப்போதைக்கு' என்று அழகாக எழுதினார். காலையில் இப்போதைக்காரரின் மோட்டார் சைக்கிள் சாவியை வாங்கிக் கட்டத்தின் நடுவில் வைத்தார்.

"எதை வேணாலும் இதுக்குள்ள வைங்க அண்ணே. நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். சாயங்காலம் சாவி அடியில இருக்கும். அவ்வளவுதான்."

எவ்வளவு நுட்பமான திட்டம். அன்று சாயங்காலம் அவர் சாவிக்கு மேலிருந்த குவியலைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். "வண்டி இப்போதைக்கு இங்க இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு ஐந்து கிலோமீட்டர் நடந்தே வீட்டுக்குப் போனார்.

மறுநாளும் நடந்தார். மூன்றாம் நாளும். நான்காம் நாள் மதியம் அவர் மனைவி குடோனுக்கு வந்தார்.

"மூணு நாளா நடந்து வர்றாரு. கேட்டா உடம்புக்கு நல்லதுங்கறாரு. வண்டியை வித்துட்டாரா தம்பி?"

நான் கட்டத்தைக் காட்டினேன். குவியலின் ஓரத்தில் தெரிந்த எழுத்தை அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். மேடம் விஷயத்தைச் சொன்னார். மனைவி அந்த மஞ்சள் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆண்டுக்கணக்காகத் தேடிய மருந்தின் பெயரை யாரோ சொல்லிவிட்டது போன்ற முகம்.

"இந்தப் பெயிண்ட் கொஞ்சம் கிடைக்குமா மேடம்?"

"எவ்வளவு வேணும்?"

"ஒரு வீட்டுக்கு."

இப்போதைக்காரர் இதைக் காதில் வாங்கினார். குனிந்தார். முதல் பெட்டியைத் தூக்கினார், அதன் அட்டை இருக்கும் வரிசைக்கு நடந்தார், வைத்தார். திரும்பி வந்து அடுத்ததைத் தூக்கினார். ஐந்தரை மணிக்குக் கட்டம் காலி. அன்று அவர்கள் வண்டியில் போனார்கள், அவர் முன்னால், மனைவி பின்னால், மனைவியின் மடியில் மூடி இறுக்கிய பெயிண்ட் டப்பா. இப்போதெல்லாம் வாரத்தில் நாலு நாள் வண்டியில் போகிறார். மற்ற நாட்களில் உடம்புக்கு நல்லது செய்துகொள்கிறார்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. இப்படியும் ஒரு மனிதரா என்று பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லுங்கள். ஆனால் உங்கள் படுக்கையறையில் ஒரு நாற்காலி இருக்கிறதே, அதில் கடைசியாக ஒரு மனிதப்பிறவி உட்கார்ந்தது எப்போது? அதன் மேல் கிடக்கும் துணி துவைத்ததா, துவைக்க வேண்டியதா? குளிர்சாதனப் பெட்டியின் தலையில் இருக்கும் அந்தத் திருகாணி எதிலிருந்து கழன்றது?

பதில் சொல்ல வேண்டாம். இந்தப் பக்கம் முடியப் போகிறது. புத்தகத்தை மூடி, எழுந்து போய், எடுத்த அலமாரியில் எடுத்த இடத்திலேயே வைக்கத்தான் போகிறீர்கள், அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. தலையணை ஓரம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்பது தற்செயல்தான். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். வையுங்கள்.